வினைல் பொம்மைக்கு வண்ணம் வந்த கதை

ஒரு ஜாண் உயரத்தில் ஒரு ராட்சத மிருகம். பச்சை உடம்பு, முதுகு முள்களில் வெள்ளிப் பூச்சு, சிவந்த வாய், மஞ்சள் கண். அமுக்கினால் ரப்பர் பந்து போல உள்ளே போகும். விட்டால் பழைய நிலைக்கு வந்துவிடும். ஜப்பானில் இந்த வகைப் பொம்மைக்கு 'சோஃபுபி' என்று பெயர். 'சாஃப்ட் வினைல்' என்ற ஆங்கிலச் சொற்களை ஜப்பானியர் தம் வாய்க்கு ஏற்றபடி சுருக்கிக்கொண்டதுதான் இந்தப் பெயர்!

இந்தப் பொம்மையின் உடம்பு அச்சிலிருந்து வெளிவரச் சில நிமிடங்கள் போதும். அதன் வண்ணத்துக்குத்தான் பல கைகள் தேவைப்படுகின்றன. கடையில் கிடைக்கும் சாதாரண எனாமல் பெயின்ட்டை வாங்கி இதன் மேல் அடித்தால் மாதக்கணக்கில் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. காய்ந்தது போலத் தெரிந்தாலும் அமுக்கியவுடன் செதில் செதிலாக உதிரும். ஆகவே இதற்கென்றே ஒரு தனி வண்ணம் உருவானது. வினைலின் மேல்தோலையே கொஞ்சம் இளக்கி, உள்ளே இறங்கிப் பிடித்துக்கொள்ளும் வண்ணம் அது. அதன் நெடி மூக்கைத் துளைக்கும்.

அந்த நெடிக்கு ஒரு வரலாறு உண்டு. பற்றி எரியும் பொம்மை ஒழிந்து, எளிதில் தீப்பிடிக்காத பொம்மை குழந்தையின் கைக்கு வந்த கதை அது. பொம்மையிலிருந்து ஆபத்து நீங்கியது உண்மை. நீங்கிய ஆபத்து எங்கே போனது என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டிய விஷயம்.

செல்லுலாய்டு காலம்

வினைலுக்கு முன்னால் ஜப்பானியப் பொம்மைத் தொழிலை வாழவைத்தது செல்லுலாய்டு. பருத்தி இழையை அமிலங்களில் ஊறவைத்துக் கிடைக்கும் நைட்ரோசெல்லுலோஸையும் கற்பூரத்தையும் சேர்த்துப் பிசைந்து செய்யும் பொருள் இது. அந்நாளில் உலகின் இயற்கைக் கற்பூரத்தில் பெரும்பங்கு தைவான் காடுகளிலிருந்து வந்தது. 1895 முதல் 1945 வரை தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. மூலப்பொருள் கைவசம் இருந்தது, கூலியும் குறைவு. எனவே இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட ஆண்டுகளில் ஜப்பானியச் செல்லுலாய்டு பொம்மைகள் கப்பல் கப்பலாக வெளிநாடுகளுக்குப் போயின. டோக்கியோ நகரின் கிழக்கு ஓரத்தில் உள்ள கட்சுஷிகா வட்டாரம் இந்தத் தொழிலின் முக்கிய இடங்களில் ஒன்றாயிற்று.

ஆனால் செல்லுலாய்டில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. கற்பூரம் எப்படிப் பற்றும் என்பது எல்லோருக்கும் தெரியும். நைட்ரோசெல்லுலோஸோ வெடிமருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்? 1932 டிசம்பர் 16 அன்று டோக்கியோவின் நிஹோன்பாஷி பகுதியில் இருந்த ஷிரோகியா என்ற பெரிய பல்பொருள் அங்காடியில், நான்காவது மாடிப் பொம்மைப் பிரிவில், கிறிஸ்துமஸ் மரத்தின் மின்விளக்கைப் பழுதுபார்க்கும்போது ஒரு பொறி தெறித்தது. அங்கே குவிந்திருந்த செல்லுலாய்டு பொம்மைகள் பற்றிக்கொண்டன. தீ மேல்மாடிகளுக்குப் பரவியது. அந்த விபத்தில் 14 பேர் இறந்தனர்.

அப்படியிருந்தும் செல்லுலாய்டு உடனே ஒழிந்துவிடவில்லை. அதற்கு ஈடாக வேறு பொருள் இல்லை என்பதே காரணம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் டாலர் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தில் இருந்த ஜப்பானுக்குப் பொம்மை ஏற்றுமதி பெரிதும் கைகொடுத்தது. 1950களின் நடுவில், எளிதில் தீப்பிடிக்கும் பொருள்களின் மேல் அமெரிக்காவில் கெடுபிடி அதிகமானபோதுதான் நிலைமை மாறியது. பெரிய வாடிக்கையாளர் கதவைச் சாத்திவிட்டால் வியாபாரி வேறு சரக்கைத் தேடித்தானே ஆகவேண்டும்? கட்சுஷிகாவின் பட்டறைகள் வினைலுக்கு மாறத் தொடங்கின.

பசையைத் தேடியவருக்குக் கிடைத்த ரப்பர்

வினைல் குளோரைடு என்ற வாயுவை 1835இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரெனோ தயாரித்தார். அது வெயிலில் இருந்து வெள்ளைத் திடப்பொருளாக மாறுவதை 1872இல் ஜெர்மானியரான ஆய்கன் பௌமன் கண்டார். அதுதான் பி.வி.சி. ஆனால் அந்தப் பொருள் விறைப்பானது, எளிதில் உடையக்கூடியது. அதை வைத்து என்ன செய்வது என்று அரை நூற்றாண்டுக்கு யாருக்கும் தெரியவில்லை.

1926இல் அமெரிக்காவின் பி.எஃப்.குட்ரிச் ரப்பர் நிறுவனத்தில் வேலை பார்த்த வால்டோ சீமன், ரப்பரை உலோகத்தோடு ஒட்டவைக்கும் பசை ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். பி.வி.சி.யை அதிகச் சூட்டில் ஒரு திரவத்தோடு சேர்த்துக் காய்ச்சியபோது, பசைக்குப் பதிலாக வளைந்து கொடுக்கும் ரப்பர் போன்ற ஒரு பொருள் கிடைத்தது. பசையைத் தேடியவருக்கு, பின்னாளில் எந்தப் பெயின்ட்டும் ஒட்ட மறுக்கும் பொருள் கிடைத்தது ஒரு வேடிக்கைதான்!

பி.வி.சி.யை இப்படி இளக வைக்கும் திரவத்துக்குப் பிளாஸ்டிசைசர் என்று பெயர். மென்மையான வினைல் பொருள்களில் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல்கூட இந்தத் திரவமே இருக்கும்.

சோஃபுபி செய்யும் முறை பார்ப்பதற்கு எளிது. செய்வதற்குக் கைப்பழக்கம் தேவை. முதலில் பொம்மையின் உருவத்தை மெழுகில் வார்த்துக்கொள்கிறார்கள். அதன்மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு ஒன்றைக் கொடுத்து மயில்துத்தக் கரைசலில் தொங்கவிட்டு மின்சாரத்தைச் செலுத்தினால், பல நாட்களில் மெழுகின் மேல் செம்பு தடிமனாகப் படியும். பிறகு மெழுகை உருக்கி ஊற்றிவிட்டால் மிஞ்சுவது செம்பு அச்சு. அதில் பாகு போன்ற வினைல் திரவத்தை ஊற்றி, சூடான எண்ணெயில் இறக்குகிறார்கள். தோசைக்கல்லில் மாவு அடியில் முதலில் வேகுவது போல, அச்சின் சுவரை ஒட்டிய வினைல் முதலில் இறுகும். நடுவில் உள்ள திரவத்தைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டு, மீண்டும் சூடாக்கி, கொஞ்சம் ஆறவைத்து, சூடு முழுவதும் தணிவதற்குள் குறடால் பிடித்து வெளியே இழுக்கிறார்கள். அகலமான உடம்பு குறுகிய வாய் வழியாக நெளிந்து வெளியே வந்து மறுபடி தன் உருவத்தை அடையும். அச்சை உடைக்க வேண்டியதும் இல்லை, இரண்டாகப் பிரிக்க வேண்டியதும் இல்லை.

ஏன் பெயின்ட் ஒட்டவில்லை?

உடம்பு தயார். அடுத்தது வண்ணம். தொல்லை இங்கேதான் தொடங்குகிறது.

பிளாஸ்டிசைசர் வினைலோடு வேதிமுறையில் பிணைந்து கிடக்கும் பொருள் அல்ல. உள்ளே இடுக்குகளில் தங்கியிருக்கிறது, அவ்வளவுதான். காகிதத்தில் வைத்த வடையிலிருந்து எண்ணெய் ஊறி வெளியே வருவது போல அதுவும் மெல்ல மெல்ல மேலே கசியும். மேலே அடித்திருக்கும் சாதாரண பெயின்ட்டுக்குள் அது புகுந்து, அந்தப் பெயின்ட்டையும் இளக்கிவிடும். அதனால்தான் அது எத்தனை நாள் ஆனாலும் கையில் ஒட்டுகிறது. கடினமாகக் காயும் வகைப் பெயின்டாக இருந்தால் வேறு தொல்லை: பொம்மை வளையும், பெயின்ட் வளையாது. விரிசல் விட்டு உதிர்ந்துவிடும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் வினைல் வண்ணம். பொம்மை எந்தப் பிசினால் ஆனதோ, ஏறக்குறைய அதே குடும்பத்தைச் சேர்ந்த பிசினை (பொதுவாக வினைல் குளோரைடும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்தது) எடுத்துக் கடுமையான கரைப்பானில் கரைத்து, அதில் நிறமிப் பொடியைக் கலக்கிறார்கள். மெத்தில் எத்தில் கீட்டோன், சைக்ளோஹெக்ஸனோன், டொலுயீன் போன்றவை இந்தக் கரைப்பான்கள். பெயின்ட் கடையில் 'தின்னர்' என்று கேட்டு வாங்கும் சரக்கின் உறவுக்காரர்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இந்த வண்ணம் பொம்மையின் மேல் பட்டதும் கரைப்பான் வினைலின் மேல்தோலை லேசாக இளக்குகிறது. வண்ணத்தில் உள்ள பிசின் அந்த இளகிய தோலோடு கலக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் இரண்டும் ஒன்றாக இறுகிவிடுகின்றன. அதற்குப் பிறகு அது பொம்மையின் தோலாகவே ஆகிவிடுகிறது. வளைத்தாலும் உடையாது, தேய்த்தாலும் எளிதில் போகாது.

எல்லா வண்ணங்களும் முடிந்த பிறகு அடிப்பது கிளியர் கோட். நிறமி சேர்க்காத அதே பிசின்தான் இது. கை வியர்வையிலிருந்தும் உரசலிலிருந்தும் வண்ணத்தைக் காப்பதோடு, ஓரிடத்தில் மினுங்கலும் ஓரிடத்தில் மங்கலுமாகத் தெரியும் உடம்பை ஒரே சீராகக் காட்டுவதும் இதன் வேலை. பளபளப்பு வேண்டாம் என்றால் மிக நுண்ணிய சிலிக்கா தூளைக் கலப்பார்கள்; ஒளி சிதறி மேற்பரப்பு மங்கலாகத் தெரியும். இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கிளியரில் இருப்பதும் அதே கரைப்பான்தான். ஒரேயடியாக ஈரமாக அடித்தால் அடியில் உள்ள கண்ணும் புருவமும் கரைந்து ஓடிவிடும்! பனி படிவது போல மெல்லிய தூவலாக ஒரு முறை, அது காய்ந்த பின் இன்னொரு முறை என்று அடிப்பதே முறை. அதே காரணத்தால்தான் இந்த வண்ணத்தைத் தூரிகையால் பூசுவதும் கடினம். தூரிகை இரண்டாம் முறை மேலே போகும்போது முதல் பூச்சையும் இழுத்துக்கொண்டு வந்துவிடும். வண்ணம் காற்றில் பறந்து வந்து விழுவதே வினைலுக்கு ஏற்ற வழி.

தொண்டை மருந்திலிருந்து வண்ணத் துப்பாக்கி வரை

அப்படிக் காற்றால் வண்ணம் தூவும் கருவிகளுக்கு வினைல் பொம்மையைவிட வயது அதிகம். 1879இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த ஆப்னர் பீலர் என்பவர் காற்றால் வண்ணத்தைத் தெளிக்கும் ஒரு சிறு கருவியைச் செய்தார். அந்தக் காலத்தில் புகைப்படங்களைத் திருத்தி அழகுபடுத்தவே அது பெரிதும் பயன்பட்டது. 1893இல் சார்லஸ் பர்டிக் காப்புரிமை பெற்ற ஏர்பிரஷ், பேனா போலக் கையில் பிடிக்கும் இன்றைய வடிவத்துக்கு முன்னோடி எனலாம்.

பெரிய ஸ்ப்ரே கன்னின் பிறப்பு இன்னும் சுவையானது. ஒஹாயோ மாநிலத்தின் டொலீடோ நகரில் ஆலன் டிவில்பிஸ் என்ற மருத்துவர் இருந்தார். தொண்டைப் புண்ணுக்கு மருந்தைப் பஞ்சில் தோய்த்துத் தடவுவதற்குப் பதிலாகப் புகைபோலத் தெளிக்கும் கருவி ஒன்றை 1880களில் உருவாக்கினார். அவருடைய மகன் தாமஸ் அதே தத்துவத்தை எடுத்து 1907இல் பெயின்ட் தெளிக்கும் துப்பாக்கியாக மாற்றினார். நோயாளியின் தொண்டைக்கு மருந்தைக் கொண்டுபோகப் பிறந்த கருவி, தொழிலாளியின் தொண்டைக்குள் தின்னரைக் கொண்டுபோகும் கருவியாகவும் ஆகப்போகிறது என்று அந்தத் தந்தை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

ஜப்பானில் 1926இல் டோக்கியோவில் தொடங்கிய இவாட்டா நிறுவனம் ஸ்ப்ரே கன்களைச் செய்து வந்தது. பின்னாளில் ஏர்பிரஷ் என்றாலே உலகெங்கும் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

1966: ராட்சதர்களின் ஆண்டு

1954இல் காட்ஸில்லா திரைப்படம் வெளிவந்தது. அதன் தந்திரக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா, பிறகு தொலைக்காட்சிக்கு வந்தார். 1966 ஜனவரியில் 'அல்ட்ரா க்யூ', ஜூலையில் 'அல்ட்ராமேன்' என்று அவருடைய நிறுவனத்தின் இரண்டு தொடர்கள் ஒரே ஆண்டில் ஒளிபரப்பாயின. வாரம் ஒரு ராட்சத மிருகம்! ஜப்பானியக் குழந்தைகளுக்குப் பைத்தியமே பிடித்துவிட்டது.

அந்த மிருகங்களைச் சோஃபுபியாகச் செய்து சந்தைக்குக் கொண்டுவந்தது டோக்கியோவின் மருசான் நிறுவனம். 1950களில் தகரத்தில் செய்த காடிலாக் கார் பொம்மையால் பெயர் பெற்ற நிறுவனம் அது. 'அல்ட்ரா க்யூ' கறுப்பு வெள்ளைத் தொடர். 'அல்ட்ராமேன்' வண்ணத்தில் எடுக்கப்பட்டாலும் பெரும்பாலான வீடுகளில் இருந்தது கறுப்பு வெள்ளைப் பெட்டிதான். ஆகவே திரையில் சாம்பலாகத் தெரிந்த மிருகம் கடையில் நீலமாகவும் பச்சையாகவும் நின்றபோது எந்தக் குழந்தையும் ஆட்சேபிக்கவில்லை. பொம்மைக்கு வண்ணம் தேர்ந்தவருக்கு இவ்வளவு சுதந்திரம் கிடைப்பது அபூர்வம்.

ஆனால் அந்தத் தேர்வில் கணக்கும் இருந்தது. காஸ்ட் அக்கவுண்டிங் பாடத்தில் சொல்வது போல, ஒவ்வொரு கூடுதல் வேலையும் ஒரு கூடுதல் செலவு. வினைல் பாகிலேயே நிறத்தைக் கலந்துவிட்டால் உடம்பு முழுவதும் அடிக்க வேண்டிய ஒரு பூச்சு மிச்சம். மேலே இரண்டு மூன்று நிறங்களைத் தூவலாக அடித்தால் போதும். கண், வாய் போன்ற நுணுக்கமான இடங்களுக்கு, பொம்மையின் முகத்தில் கச்சிதமாகப் பொருந்தும் உலோக மூடி ஒன்றைச் செய்துகொள்வார்கள். அதில் கண் இருக்கும் இடத்தில் மட்டும் துளை. மூடியைப் பொருத்தி, ஸ்ப்ரே கன்னை ஒரு முறை அழுத்தினால் கண் தயார். தொழிலில் இந்த மூடிக்கு மாஸ்க் என்று பெயர். ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு மாஸ்க், ஒவ்வொரு மாஸ்க்குக்கும் ஒரு கை.

அந்தக் கைகள் யாருடையவை? பெரும்பாலும் தொழிற்சாலை வாசலுக்கு வெளியே இருந்தவர்களுடையவை. கட்சுஷிகாவிலும் சுற்றுப்புறங்களிலும் இருந்த சிறு பட்டறைகளுக்கும் வீடுகளுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டது. ஜப்பானில் இதற்கு 'நைஷோகு' என்று பெயர். வீட்டிலிருந்தபடியே, பெரும்பாலும் பெண்கள், பீஸ் கணக்கில் கூலி வாங்கிக்கொண்டு செய்யும் வேலை. பெட்டி பெட்டியாகப் பொம்மை உடம்புகள் வரும். வண்ணம் பெற்றுத் திரும்பிப் போகும்.

செருப்பிலிருந்து வந்த எச்சரிக்கை

வீட்டு வேலையும் கரைப்பானும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பது ஜப்பானுக்கு அதற்கு முன்பே தெரிந்திருந்தது. 1950களில் ஆட்ரி ஹெப்பர்ன் திரைப்படத்தில் அணிந்த மாதிரியைப் பார்த்து ஒரு வகைச் செருப்பு ஜப்பானில் பிரபலமாயிற்று. 'ஹெப் சாண்டல்' என்றே அதற்குப் பெயர். அதை வீட்டு வேலையாக ஒட்டித் தந்த தொழிலாளர்கள் பயன்படுத்திய ரப்பர் பசையில் பென்சீன் இருந்தது. பென்சீன் ஆவி எலும்பு மஜ்ஜையைத் தாக்கி, இரத்தம் உருவாவதையே நிறுத்திவிடும். 1950களின் கடைசியில் அந்தத் தொழிலாளர்களில் சிலர் இரத்தம் வற்றும் அந்த நோயால் இறந்தார்கள். சமைத்த, சாப்பிட்ட, குழந்தைகள் தூங்கிய அதே அறைதான் அவர்களுக்குத் தொழிற்சாலையாகவும் இருந்தது.

அரசு விழித்துக்கொண்டது. 1959இல் பென்சீன் கலந்த ரப்பர் பசைக்குத் தடை வந்தது. 1960இல் கரைப்பான் நச்சுத் தடுப்பு விதிகள் வந்தன: காற்றை உறிஞ்சி வெளியேற்றும் அமைப்பு, மூச்சுக் கவசம், மருத்துவப் பரிசோதனை என்று. 1970இல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்றப்பட்டது. செருப்பு ஒட்டியவர்களின் சாவுதான் அதன் தொடக்கப் புள்ளி.

பொம்மை வண்ணத்தின் கரைப்பான்கள் பென்சீன் அளவுக்குக் கொடியவை அல்ல. ஆனாலும் டொலுயீன் போன்றவற்றின் ஆவி தலைவலி, மயக்கம் தருவதோடு, ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நரம்பு மண்டலத்தையும் கெடுக்கும். 1960களின் கடைசியில் ஜப்பானிய இளைஞர்கள் சிலர் போதைக்காகத் தின்னரை முகர்வது பெரிய சமூகப் பிரச்சினையாகி, 1972இல் அதைத் தடுக்கச் சட்டத் திருத்தமே தேவைப்பட்டது. ஒருவர் போதைக்காக முகர்ந்தால் குற்றம். இன்னொருவர் கூலிக்காக முகர்ந்தால் வேலை!

இந்த இடத்தில் கரைப்பானின் ஒரு குணத்தைக் கவனிக்க வேண்டும். செல்லுலாய்டின் ஆபத்து பொம்மையிலேயே இருந்தது. கடைக்கும் வீட்டுக்கும் கூடவே போனது. அதனால்தான் அங்காடி எரிந்தது, ஊர் பார்த்தது, வாங்குபவர் பயந்தார், சந்தை மாறியது. கரைப்பான் அப்படியல்ல. அது பொம்மை காய்வதற்குள் பறந்துவிடுகிறது. கடைக்கு வரும் பொம்மையில் அது ஏறக்குறைய இருப்பதே இல்லை. அது தங்கும் இடம் வண்ணம் அடித்தவரின் மூச்சில்தான். வாங்குபவரின் கண்ணில் படாத ஆபத்தைச் சந்தை தானாகத் திருத்திக்கொள்வதில்லை.

வண்ணம் இடம் பெயர்ந்தது

ராட்சத மோகம் இரண்டு ஆண்டுகளில் தணிந்தது. 1968இல் மருசான் திவாலானது. அதில் வேலை பார்த்தவர்கள் 1969இல் புல்மார்க் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பழைய அச்சுகளில் பலவற்றைக் கொண்டு மீண்டும் மிருகங்களைச் செய்தார்கள். 1971இல் இரண்டாவது அலை எழுந்தது. ஆனால் 1974இல் பாப்பி நிறுவனத்தின் 'சோகோகின்' உலோக ரோபோக்கள் வந்ததும் குழந்தைகளின் மனம் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது. 1977இல் புல்மார்க்கும் மூடப்பட்டது. 1983இல் பண்டாய் நிறுவனம் மலிவு விலையில் அல்ட்ரா மிருகங்களின் வரிசையைக் கொண்டுவந்தபோது சோஃபுபிக்கு மீண்டும் உயிர் வந்தது.

இதற்கிடையில் கூலி குறைந்த இடங்களை நோக்கிப் பொம்மைத் தொழில் நகர்ந்துகொண்டிருந்தது. 1970களில் ஹாங்காங் உலகின் முன்னணிப் பொம்மை ஏற்றுமதியாளராக இருந்தது. சீனா 1979 முதல் கதவைத் திறந்ததும் ஹாங்காங் முதலாளிகள் எல்லையைத் தாண்டி குவாங்டொங் மாகாணத்துக்குப் போனார்கள். 1985இல் பிளாசா ஒப்பந்தத்துக்குப் பின் யென்னின் மதிப்பு கிடுகிடுவென உயர்ந்து, ஒரு டாலருக்குச் சுமார் 240 யென் என்றிருந்தது 1988 வாக்கில் ஏறக்குறைய பாதியானது. ஜப்பானில் பொம்மைக்கு வண்ணம் அடித்து ஏற்றுமதி செய்வது அத்துடன் கட்டுப்படியாகாமல் போயிற்று. உலோக மாஸ்க்கும் ஸ்ப்ரே கன்னும் மாறவில்லை. அவற்றைப் பிடித்த கைகள் மட்டும் மாறின. 1960இல் ஜப்பான் எழுதிய விதிகள் அந்தக் கைகளோடு கப்பல் ஏறவில்லை.

பின்னர் வந்த கெடுபிடிகளைப் பார்த்தால் ஒரு விஷயம் விளங்கும். குழந்தைகள் வாயில் வைக்கும் பொம்மைகளில் தாலேட் வகைப் பிளாஸ்டிசைசர்களுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 1999இல் தற்காலிகத் தடையும் 2005இல் நிரந்தரத் தடையும் விதித்தது. ஜப்பான் 2003இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. 2007 ஆகஸ்டில் மேட்டல் நிறுவனம் சீனாவில் செய்த பொம்மைகளின் வண்ணத்தில் ஈயம் அதிகம் என்று அமெரிக்காவில் மட்டும் 9 லட்சத்து 67 ஆயிரம் பொம்மைகளைத் திரும்பப் பெற்றது. 2008இல் அமெரிக்கா புதிய சட்டம் இயற்றி, பெயின்ட்டில் ஈயத்தின் அளவை 600 பி.பி.எம்.மிலிருந்து 90 பி.பி.எம்.முக்குக் குறைத்தது. அத்தனையும் தேவையான சட்டங்கள். ஆனால் அத்தனையும் காய்ந்த வண்ணத்தையும் முடிந்த பொம்மையையும் சோதிக்கும் சட்டங்கள். ஈரமான வண்ணத்தின் ஆவியை இறக்குமதித் துறைமுகத்தில் எந்தக் கருவியாலும் அளக்க முடியாது. அது தொழிற்சாலையிலேயே ஆவியாகிவிட்டது அல்லவா!

மீண்டும் கைக்கு வந்த ஏர்பிரஷ்

1990களின் கடைசியில் கதை இன்னொரு திருப்பம் கண்டது. டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில் பவுன்டி ஹன்டர் என்ற கடை 1997இல் சொந்தமாக ஒரு வினைல் பொம்மையை வெளியிட்டது. 1999இல் ஹாங்காங்கைச் சேர்ந்த மைக்கேல் லாவ் தன் 'கார்டனர்' பொம்மைகளைக் காட்சிக்கு வைத்தார். அதே ஆண்டில் நியூயார்க் ஓவியர் காஸ் தன் 'கம்பேனியன்' உருவத்தைப் பவுன்டி ஹன்டரோடு சேர்ந்து வினைலில் கொண்டுவந்தார். பொம்மை கலைப்பொருளானது. மருசான், புல்மார்க் காலத்துப் பழைய மிருகங்களைச் சேகரிப்பவர்கள் பெருகினார்கள். அவற்றின் பாணியில் புதிய உருவங்களைச் செய்து, தாமே வண்ணம் அடித்து, குறைந்த எண்ணிக்கையில் விற்கும் சிறு கலைஞர்கள் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தோன்றினார்கள். ஜப்பானில் 'வி-கலர்', அமெரிக்காவில் 'மான்ஸ்டர் கலர்' என்று வினைலுக்கென்றே தயாரான சால்வன்ட் வண்ணங்கள் சிறு புட்டிகளில் அவர்களுக்குக் கிடைத்தன.

இப்படியாக, 1960களில் கூலிக்காக வீட்டுக்குள் நுழைந்த அதே நெடி, ஆசைக்காக மீண்டும் வீட்டுக்குள் நுழைந்தது. வித்தியாசம் ஒன்று உண்டு. இந்தக் கலைஞர்களுக்கு ஆபத்து தெரியும். காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறி வைத்த பெட்டிக்குள் பொம்மையை வைத்து அடிக்கிறார்கள். கரைப்பான் ஆவிக்கென்று செய்த, கரித்தூள் வடிகட்டி பொருத்திய மூச்சுக் கவசத்தை அணிகிறார்கள். மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பது தவறு. துணியும் சாதாரண தூசுக் கவசமும் வண்ணத் துளிகளை ஓரளவு தடுக்கும். ஆவி அவற்றின் வழியே தாராளமாகப் போய்விடும். தீப்பொறி எதுவும் அருகில் இருக்கக் கூடாது என்பதும் முக்கியம். செல்லுலாய்டு போய்விட்டாலும் தின்னர் ஆவி இன்னும் பற்றக்கூடியதுதான்.

அந்தக் கவசத்துக்கும் வடிகட்டிக்கும் விசிறிக்கும் ஆகும் செலவைக் கலைஞர் தன் பொம்மையின் விலையில் சேர்க்கிறார். சேகரிப்பவரும் கொடுக்கிறார். உண்மையில் அந்தப் பொம்மையின் முழு விலை எப்போதுமே அதுதான். 1966இல் ஒரு குழந்தை கொடுத்த விலையில் மூலப்பொருள் இருந்தது, கூலி இருந்தது, கடைக்காரர் லாபமும் இருந்தது. மூச்சுக்கான செலவு மட்டும் அதில் இல்லை. அதை வேறு ஒருவர், தன் வீட்டு அறையில், தன் கணக்கில் எழுதிக்கொண்டார்.

பொம்மையின் முகத்துக்குத் துல்லியமாக ஒரு மாஸ்க் செய்யத் தெரிந்த தொழிலுக்கு, அதற்கு வண்ணம் அடித்தவரின் முகத்துக்கும் ஒரு மாஸ்க் வேண்டும் என்பது புரிய நெடுங்காலம் ஆயிற்று. சேகரிப்பாளர்களின் அலமாரியில் நிற்கும் அந்தப் பழைய மிருகங்களை உற்றுப் பார்த்தால், மாஸ்க் ஒரு மயிரிழை விலகியதால் கண்ணோரத்தில் கசிந்த மஞ்சள் வண்ணம் சிலவற்றில் தெரியும். சேகரிப்பவர்கள் அதை அழகு என்கிறார்கள். பெயர் பதிவாகாத யாரோ ஒருவருடைய கை, ஒரு நாளின் நூறாவது பொம்மையிலோ இருநூறாவது பொம்மையிலோ, கொஞ்சம் களைத்துப்போன இடம் அது.